பத்து நிமிடத்தில் அணைந்துபோகும் போர்டு

மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விட ஒரு கருவி செய்தேன். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து பம்புகளுக்கு நேராக மின்சாரம். கருவியின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்கும், பம்புகளை இயக்கி நிறுத்தும் நான்கு ரிலேக்களுக்கும், மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட். மேசையில் போர்டை மட்டும் வைத்துச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. மாடியில் எல்லாவற்றையும் பெட்டிக்குள் பொருத்தியதும் சிக்கல் தொடங்கியது. ஏறக்குறையப் பத்து நிமிடம் ஓடும், அணைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் தானே உயிர்பெறும். புரோகிராமில்தான் தவறு என்று மூன்று நாள் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் 7805-ஐத் தொட்டுப் பார்த்தேன். விரலை உடனே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ரெகுலேட்டருக்குள் நடப்பது எளிமையானது. மாறாத ஒரு சிறிய மின்னழுத்தத்தை அது அளவுகோலாக வைத்திருக்கிறது. வெளியே போகும் மின்னழுத்தத்தை ஓயாமல் அதனுடன் ஒப்பிட்டு, நடுவே இருக்கும் டிரான்சிஸ்டரைக் குழாயைத் திறந்து மூடுவதுபோல் சரிசெய்கிறது. 12 வோல்ட் வந்து 5 வோல்ட் போனால் மிச்சம் 7 வோல்ட் அந்த டிரான்சிஸ்டரிலேயே வெப்பமாகிவிடும். எவ்வளவு வெப்பம் என்பதற்கு ஒரு பெருக்கல் போதும்: மிச்ச வோல்ட்டை மின்னோட்டத்தால் பெருக்க வேண்டும்.

மேசையில் போர்டு மட்டும் 50 மில்லி ஆம்பியர் இழுத்தது. மிச்சமான 7 வோல்ட்டால் பெருக்கினால் அது 0.35 வாட், வெதுவெதுப்பு மட்டுமே. மாடியிலோ ஒவ்வொரு ரிலேயும் சுமார் 70 மில்லி ஆம்பியர் கேட்டது. எல்லாம் சேர்ந்து 300-ஐத் தாண்டினால் 2 வாட்டுக்கு மேல் வெப்பம். ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி சூடேறும். அப்படியானால் 2 வாட்டுக்கு 130 டிகிரி. வெயிலில் கிடக்கும் பெட்டியின் 40 டிகிரியையும் கூட்டினால் 170. உள்ளே சுமார் 150 டிகிரியைத் தொட்டதும் 7805 தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், ஆறியதும் மீண்டும் வேலை செய்யும். சில்லு வடிவமைப்பாளர் பாப் விட்லர் உருவாக்கிய எல்.எம்.109 என்ற பழைய 5 வோல்ட் ரெகுலேட்டரிலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. பழுது என்று நான் நினைத்தது, அந்தச் சில்லு ஒழுங்காக வேலை செய்ததன் அடையாளம்.

அதிலிருந்து, ரெகுலேட்டரைக் கழற்றி மாற்றும் முன் அதனிடம் நாம் என்ன கேட்கிறோம் என்று பார்ப்பதே என் வழக்கம். கிரவுண்டுக்கும் (மைனஸ் பக்கம்) உள்ளீட்டுக்கும் நடுவே ஒருமுறை, கிரவுண்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒருமுறை மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டையும் சுமை, அதாவது மின்சாரம் இழுக்கும் போர்டும் ரிலேக்களும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சுமையைக் கழற்றிவிட்டு அளந்தால் நலிந்த அடாப்டரும் நல்ல எண்ணையே காட்டும்.

உள்ளீடு போதாமல் போவது அடிக்கடி நடக்கும். 7805-க்குக் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். நான்கு பென்சில் செல்களின் 6 வோல்ட்டைக் கொடுத்தால் வெளியே 4 வோல்ட் அளவில்தான் வரும். 3.3 வோல்ட் தரும் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டருக்கும் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி தேவை. 3.7 வோல்ட் லித்தியம் செல்லை அதனுடன் இணைப்பவர்கள் பலர்; கணக்கு அங்கேயே இடிக்கிறது.

இதைவிடத் தந்திரமானது வைஃபை போர்டுகளின் ரீசெட். மல்டிமீட்டரில் 3.3 அசையாமல் நிற்கும், ஆனால் வைஃபை இணையும் கணத்தில் போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இ.எஸ்.பி.32 என்ற வைஃபை போர்டு என்றால், அதன் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட்' (மின்னழுத்தச் சரிவு) என்று ஒரு வரி வரும். வைஃபை அலை அனுப்பும்போது மின்னோட்டம் சில நூறு மில்லி ஆம்பியருக்குத் துள்ளுகிறது. மில்லி விநாடிச் சரிவு மெதுவான மல்டிமீட்டருக்குத் தெரியாது. 300 மில்லி ஆம்பியரை ஒரு மில்லி விநாடிக்கு, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் மட்டுமே தாங்க வேண்டும், சரிவு 0.3 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும் என்றால் 1000 மைக்ரோ ஃபாரட் தேவை. போர்டின் கால்களுக்கு ஒட்டியே அதை வைக்க வேண்டும். ஒயர்களைச் செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டின் நீளமான ஒயர்களும் தளர்ந்த துளைகளும் சரிவை இன்னும் பெரிதாக்கும்.

ரெகுலேட்டருக்கே கெப்பாசிட்டர் வேண்டும் என்பதையும் மறக்கிறோம். ஏ.எம்.எஸ்.1117-இன் வெளியீட்டில் 22 மைக்ரோ ஃபாரட் இல்லாவிட்டால் அது நிலைகொள்ளாமல் அலைபாயலாம்.

அப்புறம் கால்கள். எழுத்து நம்மைப் பார்க்கப் பிடித்தால், 7805-க்கு இடமிருந்து உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு. அதன் தம்பி 78எல்05-ஐத் தட்டைப் பக்கம் தெரியப் பிடித்தால் வரிசை தலைகீழ். ஏ.எம்.எஸ்.1117-க்குக் கிரவுண்டு, வெளியீடு, உள்ளீடு. அதன் பெரிய உலோகத் தகடு வெளியீட்டோடு இணைந்தது, 7805-இன் தகடோ கிரவுண்டோடு. இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் திருகினால் ஷார்ட் ஆகிவிடும்.

மாடிக் கருவியில் 7805-ஐ எடுத்துவிட்டு எல்.எம்.2596 மாட்யூலை வைத்தேன். அது மிச்சத்தை வெப்பமாக்காமல் மின்சாரத்தை வேகமாகத் துண்டு துண்டாக வெட்டிக் கம்பிச்சுருள் (காயில்) வழியாகச் சமன் செய்கிறது. அதே சுமைக்கு வீணாவது அரை வாட் அளவுதான். போர்டை இணைக்கும் முன் மாட்யூலின் சிறிய திருகைத் திருகி, வெளியீட்டை 5 வோல்ட்டில் நிறுத்திக்கொண்டேன்.