சனி எப்போது பெயர்ந்தது?

2025 மார்ச் கடைசி வாரத்தில் சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே குழப்பம். மார்ச் 29 அன்று சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் பெயர்கிறார் என்றது, வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கை வைத்துப் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026 மார்ச் 6 அன்றுதான் என்றது, பழைய மரபுக் கணக்கை அப்படியே வைத்துப் போடும் வாக்கியப் பஞ்சாங்கம். திருநள்ளாறு கோயில் நிர்வாகமும், நாங்கள் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறோம், இந்த ஆண்டு பெயர்ச்சி கிடையாது என்று அறிவித்துவிட்டது. ஏழரை முடிகிறது என்று காத்திருந்த மகர ராசிக்காரர்கள், இன்னும் ஒரு வருஷமா என்று தவித்தார்கள். எள் தீபம் ஏற்றக் கிளம்பியவர்கள் ‘அப்போ எதுதான் சரி?’ என்று கேட்டார்கள்.

அறிவியல் யோசிக்கும் விதமும் சமய நம்பிக்கையும் எங்கே பிரிகின்றன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஏனென்றால் அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, அன்றைக்குச் சனி வானத்தில் எங்கே இருந்தது? இதற்குப் பதில் உண்டு. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர சுமார் 29.5 ஆண்டுகள் ஆகின்றன, அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 12 பாகை, ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு. ராசிக் கோடுகள் மனிதர்கள் போட்டவை, அந்தக் கோட்டை எங்கிருந்து தொடங்குவது என்பதில் கொஞ்சம் கருத்து வேறுபாடு இருக்கிறது, சரி. ஆனால் கோளின் இடத்தை அளந்து பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்தால் வாக்கியம் சொல்லும் தேதியில் உண்மையான சனி மீனத்துக்குள் ஏற்கெனவே 7, 8 பாகை போயிருக்கும். முழுநிலவின் அகலம் அரைப் பாகைதான். பதினைந்து நிலவுகளை வரிசையாக அடுக்கிய தூரத்துக்கு ஒரு கணக்கு தவறுகிறது என்றால் அதில் பட்டிமன்றம் வைக்க ஒன்றுமில்லை, திருக்கணிதம் சரி, வாக்கியம் தவறு.

இரண்டாவது கேள்வி, விளக்கை எந்த நாளில் ஏற்றுவது? இதற்குத் தொலைநோக்கி உதவாது. அது ஒரு கோயிலின் மரபு, தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் சேர்ந்து எடுத்த முடிவு. வானத்தில் சனி எங்கே இருந்தாலும் திருநள்ளாறு தன் மரபுப்படி ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம், அதைத் தவறென்று சொல்ல எந்த அளவுகோலும் கிடையாது. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

இங்கே சிங்கப்பூரில் இன்னொரு சின்ன வேடிக்கை உண்டு. ஊரிலிருந்து வந்த தினசரி நாட்காட்டியைச் சமையலறையில் மாட்டி, திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகுகாலம் என்று பார்த்துக்கொள்கிறோம். அந்த நேரம் சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிய பிறகு சிங்கப்பூரில் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் உதிக்கிறது, அப்படியானால் அதே விதிப்படி ராகுகாலம் 8.30க்குத் தொடங்க வேண்டும். சூரியன் எப்போது உதிக்கிறது என்பதைச் சோதிக்கலாம், திருத்தலாம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பது வேறு வகைப் பேச்சு.

வாக்கியப் பஞ்சாங்கத்தை மூடத்தனம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அதன் காலத்தில் அது முதல்தரமான அறிவியல். நிலவின் ஓட்டம் 248 நாளில் கிட்டத்தட்ட பழைய தாளத்துக்கே திரும்புகிறது என்று கண்டுபிடித்து, நாளுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்து, தாளும் கருவியும் இல்லாமல் நிலவின் இடத்தைச் சொன்னார்கள். பெரிய சாதனை அது. ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லில்தான் சிக்கல். எந்தக் கணக்கிலும் ஒரு சிறு பிழை இருக்கும், நூற்றாண்டுகள் போகப் போக அது குவிந்துகொண்டே வரும். அதற்கு ஒரே மருந்து, அவ்வப்போது வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துவது.

திருத்தியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கேரளத்தில் வடசேரி பரமேஸ்வரர் என்ற நம்பூதிரி சுமார் 55 ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்துவைத்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431இல் திருக்கணித முறையை எழுதினார். அவருக்கு அடுத்து வந்த நீலகண்ட சோமயாஜி, கணக்கு எப்போதும் கண்ணால் பார்ப்பதோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் திருத்த வேண்டும் என்று வாதாடி ஒரு தனி நூலே எழுதினார். இவர்கள் யாகமும் பூஜையும் செய்துகொண்டிருந்த வைதிகர்கள். ரிஷிகள் சொன்ன கணக்கு என்பதால் அதைத் தொடக்கூடாது என்று அவர்கள் நினைக்கவில்லை, கணக்கைத் திருத்தியதால் சாமியை விடவும் இல்லை. அறிவியல் மனப்பான்மை மேற்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது என்று சொல்பவர்களும், அறிவியல் வந்தால் பக்தி போய்விடும் என்று பயப்படுபவர்களும் இந்த இருவரையும் கொஞ்சம் படிக்க வேண்டும்.

அப்போது அறிவியலின் அடையாளம் என்ன? சரியான பதில் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தான் தோற்பதற்கு ஒரு வழியை முன்கூட்டியே திறந்து வைப்பதுதான் அதன் அடையாளம். பிரெஞ்சு வானியலர் லெவெரியேயைப் பாருங்கள். யுரேனஸ் கோள் கணக்குப்படி ஓடவில்லை, அப்படியானால் அதற்கு அப்பால் இன்னொரு கோள் அதை இழுக்கிறது, இந்த இடத்தில் தேடுங்கள் என்று 1846இல் எழுதினார். செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அப்புறம் புதன் கோளும் நூறாண்டுக்கு 38 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்குத் தடம் விலகுவதை அறிந்து, அதே மனிதர், அதே தர்க்கத்தோடு, சூரியனுக்கு அருகில் ‘வல்கன்’ என்று ஒரு கோள் இருக்கிறது என்றார். அந்த விலகலைப் பின்னால் வந்தவர்கள் 43 விகலை என்று திருத்தினார்கள். பல ஆண்டுகள் தேடியும் வல்கன் கிடைக்கவில்லை. நெப்டியூனைக் கண்டவர் சொன்னார் என்பதற்காக யாரும் வல்கனைப் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு பற்றிய புதிய கோட்பாட்டைக் கொண்டுவந்தபோது அந்த 43 விகலை, கோள் எதுவும் இல்லாமலே கணக்கில் வந்து விழுந்தது.

வானத்தில் இது சுலபம், ஏனென்றால் சனிக்கும் புதனுக்கும் நம்மைத் திருப்திப்படுத்தும் ஆசை கிடையாது. மனித உடம்பு என்று வரும்போதுதான் நம் ஆசை நம்மையே ஏமாற்றத் தொடங்குகிறது, அதனால் மருத்துவத்தில் இந்த முறை இன்னும் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. காசநோய்க்கு ஒரு காலத்தில் மலைக்காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை என்று சானடோரியத்தில் வைத்துத்தான் வைத்தியம். டாக்டர்கள் அதை உண்மையிலேயே நம்பினார்கள், குணமானவர்களையும் கண்ணால் பார்த்தார்கள். 1956இல் சென்னையில் ஒரு பரிசோதனை தொடங்கியது. சேத்துப்பட்டு மையத்தில் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறு பாதியை நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிடச் சொன்னார்கள். குலுக்கல் எதற்கு என்றால், டாக்டரே தேர்ந்தெடுத்தால் தெரியாமலே தேறக்கூடியவரை ஒரு பக்கம் சேர்த்துவிடுவார், அப்புறம் பலன் மருந்தாலா, ஆளாலா என்று பிரிக்க முடியாது. குலுக்கிப் போட்டால் வயது, வறுமை, நோயின் கடுமை, நமக்குத் தோன்றாத இன்னும் நூறு காரணங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும்.

1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது மோசமான சாப்பாடு, ஓய்வும் குறைவு, இருந்தும் கிட்டத்தட்ட அதே அளவில் குணமானார்கள். அவர்களோடு வீட்டில் இருந்த உறவினர்களுக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. குணப்படுத்தியது மருந்துதான், மலைக்காற்று இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடத் தொடங்கியதில் இந்தச் சென்னைப் பரிசோதனைக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் 1970களில் சிங்கப்பூரிலும் இதே பாணியில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து பரிசோதனைகள் நடந்தன, இன்று காசநோய்க்குக் கொடுக்கும் 6 மாதச் சிகிச்சை உருவானதில் அவற்றுக்கும் இடம் உண்டு. நிபுணர்கள் தங்கள் சொந்த நம்பிக்கையையே குலுக்கலில் போட்டுப் பார்த்தார்கள், தோற்றது என்று தெரிந்ததும் விட்டார்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் எத்தனை குடும்பங்கள் இதனால் பிழைத்தன என்று நினைத்தால் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

இதே முறையைப் பிரார்த்தனைக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகக் குலுக்கிப் பிரித்து, இரண்டு குழுக்களுக்காக முன்பின் தெரியாதவர்களைப் பிரார்த்திக்கச் சொன்ன ஆய்வு 2006இல் வெளிவந்தது. நமக்காகப் பிரார்த்திக்கிறார்களா இல்லையா என்று தெரியாத இரண்டு குழுக்களில் சிக்கல் வந்தவர்கள் 52 சதவீதம், 51 சதவீதம், அதாவது வித்தியாசம் இல்லை. நிச்சயமாகப் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்தவர்களில் 59 சதவீதம். ஒரு மாத்திரை இப்படித் தோற்றிருந்தால் மறுநாளே தூக்கிப்போட்டிருப்பார்கள். பிரார்த்திப்பவர்களோ யாரும் நிறுத்தவில்லை.

இதைப் பார்த்து நாத்திக நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அம்மாவுக்கு உடம்பு தேறினால் காவடி எடுக்கிறேன் என்று ஒருவர் வேண்டிக்கொள்கிறார். தேறினால் நேர்த்திக்கடன், தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர் நடை. தேறவில்லை என்றாலும் அவர் முருகனை விட்டுவிடுவதில்லை, பெரும்பாலும் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இப்படி நடந்துகொண்டால், பலித்ததை எண்ணி, பலிக்காததை எண்ணாமல் விட்டால், அது மோசடி. கோயிலில் அதற்குப் பெயர் விசுவாசம். தோற்ற பிறகும் பிடித்துக்கொண்டிருப்பது அறிவியலில் குற்றம், பக்தியில் அதுவே பெருமை. அறிவு கூடுதல் குறைவால் வரும் வேறுபாடு இல்லை இது. கடவுளோடு வைத்திருக்கும் உறவை அந்தப் பக்தர் ஒரு பரிசோதனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காக அறிவியல் கோயில் வாசலில் நின்றுவிட வேண்டும் என்று இல்லை. மொரிஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சும்மா கூட்டுப் பிரார்த்தனை செய்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்கள் ரகசியமாகக் கொடுத்த நன்கொடை அதிகம் என்று தெரிந்தது, அதிலும் அதிக வலி பட்டவர்கள் அதிகம் கொடுத்தார்கள். சடங்கு மனிதர்களை என்ன செய்கிறது என்று கேட்டால் அளக்கலாம். முருகன் ஏற்றுக்கொண்டானா என்பதை எந்தக் கருவியில் அளப்பது?

எனக்கு உண்மையான கோபம் வருவது இரண்டும் இல்லாத மூன்றாவது வகையின் மேல். திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும்போது நாசாவின் செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன, விஞ்ஞானிகள் வியந்துபோய்க் கும்பிட்டார்கள் என்று ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. படித்த பிள்ளைகள், பொறியாளர்கள், எல்லாரும் அனுப்புகிறார்கள். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அந்த வேகம்தான் அது விழாமல் இருக்கக் காரணம். 3 நொடி நின்றது என்றே வைத்துக்கொள்வோம், முதலில் அது விழத் தொடங்கும், அப்புறம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 22 கிலோமீட்டர் பின்தங்கும், உலகத்தில் அதைக் கண்காணிக்கும் ஒவ்வொரு நிலையமும் அதே நிமிடம் அலறும். கிராப் வண்டி எந்த புளோக் கீழே நிற்கிறது என்று நம் கைப்பேசி சொல்வதே, செயற்கைக்கோள்கள் கணக்குத் தவறாமல் ஓடுவதால்தான்.

இந்தச் செய்தி அறிவியலின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது, அறிவியலின் விதிக்கு மட்டும் கட்டுப்படாது. எங்கே பார்த்தால் இது பொய் என்று தெரியும் என்று சொல்வதில்லை, யார் அளந்தார், எந்த ஆண்டு என்று சொல்வதில்லை. பக்திக்கும் இது அவமானம். எத்தனையோ தலைமுறையாகத் தானே நின்ற ஒரு கோயிலுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? நாளை யாராவது அந்தச் செயற்கைக்கோளின் பாதையை எடுத்துக் காட்டிவிட்டால், அந்தச் செய்தியை நம்பி வளர்ந்த பிள்ளைக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சனியை நேரில் காட்டுங்கள். 2026 அக்டோபர் 4 வாக்கில் அது சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது, இருட்டியதும் கிழக்கே எழுந்து இரவு முழுக்க இருக்கும். சிங்கப்பூர் வெளிச்சத்திலும் வெறும் கண்ணுக்கே தெரியும், மினுக்காமல் லேசான மஞ்சளாக நிற்பதை வைத்து அடையாளம் காணலாம். முப்பது மடங்கு பெரிதாக்கும் சின்னத் தொலைநோக்கி இருந்தால் வளையமும் தெரியும். பக்கத்தில் இரண்டு பஞ்சாங்கங்களையும் விரித்து வைத்து, அன்றைய சனியின் பாகையை எது சரியாகச் சொல்கிறது என்று பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.