லே-அப்பும் நீளம் தாண்டுதலும்: கடைசி இரண்டு எட்டுகளின் கதை

கூடைப்பந்தில் லே-அப் போட, அதாவது கூடைக்குப் பக்கத்தில் எம்பிப் பந்தைப் போட, ஓடி வருகிறவரின் கடைசி இரண்டு எட்டுகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். முதல் எட்டு நீளமாக விழும். இடுப்பு லேசாகத் தாழும். அடுத்த எட்டு குட்டையாக, சட்டென்று விழும். அந்தக் காலை ஊன்றி உடம்பு மேலே கிளம்பிவிடும். நீளம் தாண்டுகிறவர் கிளம்புமிடத்தில் பதித்திருக்கும் பலகையை மிதிக்கும்போதும் அதே நீளம், அதே குட்டை. கையில் பந்து மட்டும்தான் இல்லை.

தடகள வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்சியின் கல்லூரி நாட்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எட்டுகள்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கிழக்கு செயின்ட் லூயிஸில் 1962-ல் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது கூடைப்பந்து உதவித்தொகையில். அதே கல்லூரிக்காக ஹெப்டத்லானில் 1982, 1983 இரண்டு ஆண்டுகளும் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றார். தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர் என இரண்டு நாளில் ஏழு போட்டிகள் அது. ஏழிலும் கிடைக்கும் புள்ளிகளின் கூட்டல்தான் முடிவு.

ஒரே உடம்பு இத்தனையையும் எப்படிச் செய்கிறது? பாதி விடை குதிகாலுக்கு மேலே இருக்கிறது.

ஒரு தசை தன் முழு பலத்தையும் திரட்ட சுமார் 0.3 வினாடியாவது வேண்டும். நீளம் தாண்டும்போது கால் பலகையில் இருப்பதோ ஏறக்குறைய 0.12 வினாடி. தசை விழித்துக்கொள்வதற்குள் கால் தரையை விட்டுப் போயிருக்கும். அதனால் உடம்பு ஒரு உபாயம் செய்கிறது. பாதம் தரையைத் தொடும் முன்பே கெண்டைக்கால் தசை இறுகிக் காத்திருக்கிறது. பாதம் பதிந்ததும் தசை அதிகம் அசையாமல் பிடித்துக்கொள்ள, அதன் முனையில் இருக்கும் குதிகால் தசைநாண் ரப்பர்போல இழுபடுகிறது. அடுத்த கணம் சுண்டி விடுகிறது. வாங்கிய ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பக் கொடுத்துவிடும் அற்புதமான வில் அது.

அந்த நீள எட்டுக்கும் காரணம் இதுதான். அதில் உடம்பின் எடை மையம் கீழே இறங்குகிறது. அடுத்த குட்டை எட்டில் கால் ஏறக்குறைய நேராக, முட்டுக் கொடுத்த கம்புபோல நிற்க, முன்னோக்கிய வேகத்தில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்புகிறது. லே-அப்பில் கால் தரையில் இன்னும் சற்று நேரம் நிற்கும், வேகமும் குறைவு. கணக்கு ஒன்றுதான்.

மூளைக்கும் இதில் வேலை உண்டு. நீளம் தாண்டுகிறவர்கள் மனப்பாடமாக ஓடுகிறார்கள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் கடைசிச் சில எட்டுகளில் அவர்கள் பலகையைக் கண்ணால் அளந்து எட்டின் நீளத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். கூடைப்பந்தில் இந்தத் திருத்தம் ஆட்டம் முழுக்க நடக்கும். எதிராளி குறுக்கே வரும்போதெல்லாம் காலைக் கண் திருத்தும். அந்தப் பழக்கம் தாண்டுமிடத்திலும் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லாமே இப்படி இடம் மாறுவதில்லை. கூடைக்குள் பந்து போடும் விரல்நுனிப் பதம் ஈட்டிக்கு உதவாது. அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

உடம்பு இதற்கெல்லாம் விலையும் கேட்கும். கூடைப்பந்தில் ஓடி, நின்று, திரும்பும் ஒவ்வொரு முறையும் தசை இழுபட்டுக்கொண்டே பிரேக் போடுகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாவது இந்த வேலையில்தான். ஆற நாள் வேண்டும். இரண்டு விளையாட்டுகளின் பயிற்சி அந்த நாட்களைத் தின்றுவிடும். ஜாய்னர் 1983-84 கூடைப்பந்துப் பருவத்தை விட்டுவிட்டு ஒலிம்பிக்குக்குத் தயாரானது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கல்லூரிக் காலத்தில் அவருக்கு ஆஸ்துமாவும் கண்டறியப்பட்டிருந்தது. வேகமாக மூச்சிழுக்கும்போது மூச்சுக்குழலின் உட்சுவர் உலர்ந்து குழல் சுருங்கும். 800 மீட்டர் ஓடுகிறவருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் ஹெப்டத்லானில் தொடைப் பின்தசைக் காயத்தோடு இறங்கினார். ஆஸ்திரேலியாவின் கிளினிஸ் நன் 6390 புள்ளிகள், ஜாய்னர் 6385. கடைசிப் போட்டியான 800 மீட்டரில் ஒரு வினாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முந்தியிருந்தால் தங்கம். அண்ணன் அல் ஜாய்னர் அன்றுதான் மும்முறை தாண்டுதலில் தங்கம் வென்றிருந்தார். தங்கை கடைசிச் சுற்று ஓடும்போது மைதானத்துக்குள் கூடவே ஓடிக் குரல் கொடுத்தார்.

அதன்பின் கல்லூரிக்குத் திரும்பி, 1984-85 பருவத்தில் மறுபடியும் கூடைப்பந்து ஆடினார்.

1988 சியோல் ஒலிம்பிக் ஹெப்டத்லானில் 200 மீட்டர் 22.56 வினாடி, நீளம் தாண்டுதல் 7.27 மீட்டர், 800 மீட்டர் 2 நிமிடம் 8.51 வினாடி. மொத்தம் 7291 புள்ளிகள், தங்கம். இன்றும் அதுதான் உலக சாதனை. சில நாள் கழித்து நீளம் தாண்டுதலுக்கென்றே தனியாக இறங்கி 7.40 மீட்டர் தாண்டி, இன்னொரு தங்கமும் வாங்கினார்.