கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு நோட்டு போடுங்கள்

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீர் பெரும்பாலும் குளிர்பான பாட்டிலில்தான் வரும். கழுவித்தான் கொண்டு வருவார்கள். ஆனாலும் மூடியைத் திறந்தால் ஆரஞ்சு வாசம் அடிக்கும். எந்தக் கிணறு, என்றைக்கு எடுத்தது என்று கேட்டால், "நம்ம தோட்டத்துதுங்க" என்பதோடு சரி.

திருப்பூர் சாய ஆலைகள் பக்கம் ஓடும் நொய்யல் ஆற்றங்கரையிலிருந்து வந்த ஒரு விவசாயி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுங் மேடம், அப்பறம் ஏனுங் தென்னை காயுது?"

கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் உப்புதான் காரணம். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு போட வேண்டும். சாதா உப்போ, சோடியம் சல்பேட்டோ. சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு பிடிக்காது, போட்டது போட்டபடி கழிவுநீரில் வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் மற்ற ரசாயனங்களும் போட்டு நிறத்தை எடுத்துவிடலாம். கரைந்த உப்பு அதற்கெல்லாம் மசியாது. அதை எடுக்க, சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்பு செறிந்த தண்ணீரைக் காய்ச்சும் ஆவியாக்கியும் வேண்டும். இரண்டுக்கும் செலவு அதிகம். அந்தச் செலவு செய்யாமல் பல வருஷம் ஆற்றில் விட்ட உப்புதான் மண்ணில் இறங்கிக் கிணறுகளில் நிற்கிறது.

பாசனத்துக்காக 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்திலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும்படி ஆனது. பாசன நிலக்காரர்களின் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கழிவை ஆற்றில் விடவே கூடாது என்று 2006 டிசம்பரில் உத்தரவு வந்தது. ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மாசுபடுத்தியவரே அதற்குப் பொறுப்பு என்று 2009-இல் அங்கேயும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அப்போது திருப்பூரில் வேலை போனவர்கள் பட்ட பாடும் சின்னதில்லை. தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் இரண்டு பக்கமும் இவ்வளவு இழந்திருக்க வேண்டாம்.

இதில் மற்ற ஊர்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். அதிகாரி முன்னால் போய், "முன்னெல்லாம் நல்லா இருந்துச்சுங்க" என்று சொன்னால் எடுபடாது. நன்றாக இருந்தபோது தண்ணீரில் உப்பு எவ்வளவு இருந்தது என்பதற்குத் தாள் வேண்டும். தண்ணீர் கெட்ட பிறகு எடுத்த அறிக்கை ஊருக்கு ஊர் கட்டுக்கட்டாக இருக்கிறது. கெடுவதற்கு முன்னால் எடுத்ததைத்தான் காணோம்.

அதனால் ஊருக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஓடைக்கு மேலே ஒரு கிணறு, கீழே ஒரு கிணறு, குடிநீர் போர் ஒன்று. மே மாதம் ஒரு முறை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை, அதே இடங்களில் தண்ணீர் எடுத்து அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு, எவ்வளவு என்று காட்டும் பேனா அளவு மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. மேல் கிணற்றில் எண் அசையாமல் கீழ்க் கிணற்றில் மட்டும் ஏறிக்கொண்டே போனால், இடையில் என்ன கலக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மீட்டர் மொத்த உப்பை மட்டுமே சொல்லும். கிருமியும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அதில் தனியாகத் தெரியாது. இங்கே ஆலைக்காரரை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அடியில் தளம் போடாமல் வெறும் உறை இறக்கிய குழியைத்தான் நாம் செப்டிக் டேங்க் என்கிறோம். பக்கத்திலேயே போர், அதற்குப் பக்கத்தில் மாட்டுச் சாளை. இப்படிக் கழிவிலிருந்து இறங்கும் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிறைய பிடித்து மூடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை அலசவே கூடாது, வாய்ப்பகுதியில் விரல் படக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பரிசோதனைப் பெட்டி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று மார்ச் 22 கிராம சபையில் கேளுங்கள். முடிவுகளைச் சபையில் வாசிக்கச் சொல்லித் தீர்மானத்தில் ஏற்றுங்கள். ஏற்றிய பக்கத்தின் நகல் ஒன்றும் அந்த நோட்டிலேயே இருக்கட்டும்.