அளவு நாடாவை முதலில் எடுங்கள்: கிறவல் போட்டிச் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு

சென்ற சோழகக் காலத்தில் இருபது வயது கடந்த தம்பி ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். இடது கையின் சின்ன விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன. சட்டைப் பொத்தான் பூட்டக் கஷ்டம், திறப்பைத் திருப்பக் கஷ்டம். கழுத்து எலும்பில் ஏதோ கோளாறு என்று வீட்டில் பயந்துபோயிருந்தார்கள். என்ன வேலை, என்ன விளையாட்டு என்று விசாரித்தபோது, நாலு மாதமாகக் கிழமைக்கு மூன்று நாள் காரைநகர்ப் பக்கம் சைக்கிள் ஓடுவதாகச் சொன்னார்.

“அடுத்தமுறை சைக்கிளையும் கொண்டு வாங்கோ தம்பி” என்றேன்.

“கொண்டு வாறன் அண்ணை. மாமா ரொறன்ரோவில இருந்து அனுப்பினவர். கார்பன் பிறேம். 8 கிலோதான் வரும்.”

கொண்டு வந்தார். உண்மையிலேயே அழகான சைக்கிள். ஆனால் பிறேம் அளவு 58. தம்பியின் உயரம் 168 சென்ரிமீற்றர். ஏறி உட்காரச் சொன்னேன். ஹாண்டிலை எட்டிப் பிடிக்க முழங்கை இரண்டும் நீட்டி விறைத்து நின்றன. மேலுடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் இறங்கியது. சின்ன விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் போகிற அல்நார் நரம்பு மணிக்கட்டைக் கடந்து செல்வது அந்த இடத்தில்தான். நாலு மாதமாக வீதியின் ஒவ்வொரு கல்லும் அந்த நரம்பை இடித்திருக்கிறது. மருத்துவத்தில் இதற்குச் சைக்கிளோட்டிகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவ்வளவுக்குப் பழைய, தெரிந்த பிரச்சினை.

ஓர் இயன்மருத்துவராக இதை எழுத வேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம், அவர் ஒருவர் மட்டும் வரவில்லை என்பதுதான். முழங்கால் நோ, இடுப்பு நோ, சீற்றில் இருந்து எழும்பியபின் மறைவிடத்தில் மரப்பு என்று வருகிற பெடியள் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களின் நோவு, சைக்கிளைத் தெரிவு செய்த நாளிலேயே தொடங்கியிருக்கிறது.

கிறவல் என்றால் எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. தார் காணாத வீதிக்குக் கொட்டி உருட்டுகிற அதே சிவப்புச் சரளைதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006இல் தொடங்கிய போட்டியில் இன்று அந்த மாதிரி வீதிகளில் 200 மைல், அதாவது 320 கிலோமீற்றருக்கு மேல், ஒரே நாளில் ஓடுகிறார்கள். சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம் 2022இல் இத்தாலியின் வெனெற்றோவில் முதலாவது கிறவல் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியை நடத்தியது. அதன் தகுதிகாண் போட்டிகளில் தன் வயதுப் பிரிவின் முதல் 25 சதவீதத்துக்குள் வருகிற யாரும் உலகப் போட்டிக்குப் போகலாம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிற மச்சான்மார் ஓடுகிற படங்களைப் பார்த்து இங்குள்ளவர்களுக்கும் ஆசை வருகிறது. நல்ல ஆசை. அதைக் குழப்ப நான் வரவில்லை.

ஆனால் ‘வேகமான சைக்கிள் எது அண்ணை?’ என்று கேட்டு வருகிற எல்லோரும் முதலில் பார்ப்பது எடையை. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. மணிக்கு 30 கிலோமீற்றரில் சமதரையில் போகும்போது சைக்கிளில் 1 கிலோவைக் குறைத்தால் கால் மிச்சம் பிடிப்பது ஒரு வாற்றுக்கும் குறைவு. ஒரு கிலோ குறைந்த பிறேமுக்காக இரட்டிப்பு விலை கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

உண்மையான எதிரி காற்று. வல்லை வெளியைச் சைக்கிளில் கடந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மணிக்கு 30இல் போகிறீர்கள், எதிரே 20இல் காற்று அடிக்கிறது என்றால், உடம்பை அறைகிற காற்றின் வேகம் 50. தடை, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அமைதியான நாளில் காற்றுக்குக் கொடுக்கிற உழைப்பைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு கொடுத்தால்தான் அதே 30இல் நிற்கலாம். அந்தத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓடுபவரின் உடம்பால் வருவது. சைக்கிளின் பங்கு மிச்சக் கால்தான். காற்றைக் கிழிக்கிற வடிவில் வார்த்த பிறேம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் முதுகைத் தாழ்த்தி, முழங்கையை மடித்து, நாலு மணித்தியாலம் நோவில்லாமல் இருக்க முடிகிற சைக்கிள்தான் உங்களுக்கு வேகமான சைக்கிள். அரை மணித்தியாலத்தில் நிமிர்ந்து விரலை உதற வைக்கிற சைக்கிள், எந்த உலக வீரர் ஓடினாலும், உங்களுக்கு மெதுவானது.

ஆகவே அளவு. சப்பாத்தைக் கழற்றிச் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். மட்டை போட்ட புத்தகமொன்றைக் கவட்டுக்குள் சீற்றைப்போல மேலே இறுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து நிலம்வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கவட்டு உயரத்தை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் (பெடலைத் தாங்கும் இரண்டு கிராங்குக் கைகளும் சுழல்கிற அச்சு) நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழ வரும். 80 சென்ரிமீற்றர் என்றால் 70.6. இது தொடக்கம் மட்டுமே. பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை மடிந்திருக்க வேண்டும். சீற் பதிந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், உயர்ந்தால் பின்பக்கம். நோகிற இடமே பிழையைக் காட்டித் தரும்.

சீற்றை ஏற்றி இறக்கலாம். பிறேமை நீட்டிக் குறுக்க முடியாது. அதனால் 54, 56 என்ற இலக்கத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பனியின் 54 இன்னொரு கம்பனியின் 56ஆக இருக்கும். ஒவ்வொரு கம்பனியும் வெளியிடுகிற அட்டவணையில் ‘ஸ்டாக்’, ‘ரீச்’ என்ற இரண்டு வரியைத் தேடுங்கள். பெடல் அச்சிலிருந்து, பிறேமின் முன்னால் ஹாண்டில் தண்டு நுழைகிற குழாயின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக்; எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். இப்போது ஓடுகிற சைக்கிள் உடம்புக்கு இதமாக இருந்தால் அதன் இரண்டு எண்ணையும் அளந்து, புதியதோடு ஒப்பிடுங்கள். ரீச் 10 மில்லிமீற்றர் கூடினால் ஹாண்டிலைப் பிடித்திருக்கிற ஸ்டெம் கட்டையைக் குறுகியதாகப் போட்டுச் சமாளிக்கலாம். 30 கூடினால் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும். பெரிய பிறேமோடு வருகிற 175 மில்லிமீற்றர் கிராங்கும் குட்டையான காலுக்குத் தண்டனைதான். குனிந்த நிலையில் அது தொடையை வயிற்றில் இடிக்கும். 165 இருந்தால் இடுப்பு மூட்டு திறந்து மூச்சும் இலகுவாகும்.

அடுத்தது ரயர். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. கரடான தரையில் நல்ல ரயருக்கும் சுமாரான ரயருக்கும் இடையிலான வித்தியாசம் 10 வாற்றைத் தாண்டலாம், அந்த 1 கிலோ கொடுக்கிறதைப்போல பல மடங்கு. பிறேமும், முன்சில்லைப் பிடிக்கிற முள்ளும் குறைந்தது 45 மில்லிமீற்றர் ரயருக்கு இடம் விட வேண்டும். 32ஐ மட்டும் ஏற்கிற பழைய சைக்குளோகுரொஸ் (சேற்று ஓட்டப் போட்டி) பிறேம் இங்கே சரிவராது. எங்கள் தரை சுண்ணாம்புக் கல். உடைந்த துண்டு கத்திபோல ரயரின் பக்கச் சுவரை அரியும். மணற்காட்டுப் பக்கம் போனால் ஒடுங்கிய ரயர் அப்படியே புதையும்.

காற்றடிப்பதில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கட்டைவிரலால் அமத்தினால் கல்லுப்போல இருக்க வேண்டும். வயலுக்கு மூட்டை ஏற்றிப் போன சைக்கிளுக்கு அது சரி. கிறவலில் அப்படி அடித்தால் ரயர் கல்லுக்குக் கல் துள்ளும். துள்ளுகிற ஒவ்வொரு தடவையும் முன்னே போக வேண்டிய சக்தி உங்கள் முதுகையும் கையையும் குலுக்குவதில் வீணாகும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மில்லிமீற்றர் ரியூப் இல்லாத ரயரில் ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அலகு) அளவில் தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். விளிம்பில் கொக்கி இல்லாத புதுவகை ரிம் என்றால் 72.5 பி.எஸ்.ஐக்கு மேல் ஒருபோதும் ஏற்றக் கூடாது, ரயர் கழன்று பறந்துவிடும். கை மரத்த தம்பி 70 வைத்து ஓடியிருந்தார். ஓட்டையை அடைக்க ரியூப் இல்லாத ரயருக்குள் ஊற்றுகிற ரப்பர்ப் பால் இங்குள்ள வெக்கையில் சீக்கிரம் காய்ந்துவிடும், மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கியரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மலை ஏறுவதற்கென்று அகலமாகப் பிரித்த பற்சக்கரத்தைவிட, ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் இடைவெளி குறைந்தது எங்கள் சமதரைக்கும் காற்றுக்கும் ஏற்றது. நிமிடத்துக்கு 85, 90 சுற்றில் கால் சுழன்றால் முழங்கால் தப்பும்.

வெளிநாட்டில் இருந்து பாவித்த கார்பன் சைக்கிளை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஒருதரம் விழுந்ததா என்று அனுப்புகிறவரிடம் நேரே கேளுங்கள், உறவுக்காரர் என்று கூச்சப்படாதீர்கள். கார்பனில் வெடிப்பு உள்ளே ஒளிந்திருக்கும். ஹாண்டிலுக்குக் கீழே முள்ளின் தண்டு முறிந்தால் முகம்தான் தரையில் அடிபடும். பெடல் அச்சு மரை போட்டதா, அழுத்திப் பொருத்தியதா என்றும் பாருங்கள். மரை போட்டதை இங்கே கழற்றிப் பூட்டுவது இலகு. தீவுப் பக்கம் ஓடுகிறவர்கள் உப்புக் காற்றையும் நினைக்க வேண்டும். கார்பன் பிறேமுக்குள் அலுமினியச் சீற் தண்டு இறுகிப்போனால் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். இரண்டு மாதத்துக்கு ஒருதரம் இழுத்துத் துடைத்து, கார்பனுக்குரிய பூச்சுப் பசை (ஒட்டுகிற பசை அல்ல) பூசுங்கள்.

அந்தத் தம்பியின் மாமாவோடு பிறகு தொலைபேசியில் கதைத்தேன். “தம்பி, நான் பெரிசு எடுத்தால் வளர வளர ஓடுவான் எண்டு நினைச்சுப்போட்டன்” என்றார், குரல் உடைந்து. அன்புதான். கவட்டு உயரம், கை நீளம், ரீச், ஸ்டாக் நான்கையும் எழுதி அனுப்பினேன். பெரியதை விற்று, பாவித்த அலுமினியப் பிறேம் ஒன்று எடுத்தார்கள். 1 கிலோ பாரம் கூட. ஹாண்டிலில் தடித்த நாடா சுற்றினோம், காற்றை 32ஆகக் குறைத்தோம், ஆறு கிழமை சைக்கிளைத் தொட விடவில்லை.

இப்போது பொத்தான் பூட்டுகிறார். மோதிர விரலில் உணர்வு வந்துவிட்டது. சின்ன விரலின் நுனி இன்னும் மரத்தபடிதான் இருக்கிறது. சேதப்பட்ட நரம்பு நாளுக்கு 1 மில்லிமீற்றர் அளவில்தான் திரும்ப வளரும். மணிக்கட்டிலிருந்து அந்த நுனிக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.