636001-ஐ உடைப்பது எப்படி?

சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. சின்ன வயதிலிருந்து எழுதி வருகிற எண்தான். போன வாரம் ஒரு கவரின் மேல் அதை எழுதிவிட்டு வரிசையில் நின்றபோதுதான், இது எதால் மீதியில்லாமல் வகுபடும் என்ற யோசனை வந்தது.

ஒற்றைப்படை எண், அதனால் 2 கிடையாது. கடைசி இலக்கம் 1, அதனால் 5-ம் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 16, ஆக 3-ம் போச்சு. 7-ஆல் வகுத்தால் மீதி 2, 13-ஆல் வகுத்தாலும் 2. 53 கிட்டே வந்து ஏமாற்றுகிறது: 53 × 12000 = 636000, ஒன்றே ஒன்று மிச்சம்!

எதுவரை தேடுவது? ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரித்தால், சிறியது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இங்கே அது 797 சொச்சம். அதற்குள் வரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். வீட்டுக்கு வந்து பேப்பரில் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனேன். 118-வது பகா எண்ணில் கதவு திறந்தது: 647 × 983 = 636001. 983-ம் பகா எண்தான். ஆக, எங்கள் ஊர் எண்ணுக்குள் இருப்பது இரண்டே இரண்டு பகா எண்கள்.

இதைவிட அழகான குறுக்குவழி ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் கணித மேதை ஃபெர்மா சொன்னது. பள்ளியில் படித்த a² − b² = (a + b)(a − b) ஞாபகம் இருக்கிறதா? அதுதான் சாவி: 636001-ஐ இப்படி இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால், பெருக்கலாகவும் பிரித்துவிடலாம். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 798. அதன் வர்க்கத்திலிருந்து 636001-ஐக் கழித்தால் 803. இது எந்த எண்ணின் வர்க்கமும் இல்லை. அடுத்து 799: கழித்தால் 2400. இந்த இடத்தில் எனக்கு மூச்சே நின்றது, ஏனென்றால் 49-ன் வர்க்கம் 2401. ஒன்றில் தவறிவிட்டது. சரி, 800, 801 என்று ஏறினால் 815-ல் 28224 கிடைக்கிறது. அது 168-ன் வர்க்கம். 815 − 168 = 647, 815 + 168 = 983. பதினெட்டே முயற்சி!

பெருக்குவது ஒரு நிமிட வேலை, பிரிப்பதுதான் பாடு. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறை இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. இன்று சாதாரணமாகப் பயன்படும் 2048 பிட் சாவியில் இருப்பது, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிக் கிடைத்த 617 இலக்க எண். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்கவே ஏராளமான கணினிகள் மாதக்கணக்கில் உழைத்தன.

ஆனால் அந்தச் சாவிக்கும் ஃபெர்மாவைக் கண்டால் ஒரு பயம் உண்டு. உள்ளே இருக்கும் இரண்டு பகா எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டால், அறுநூறு இலக்கமானாலும் அவர் வழியில் சில படிகளிலேயே உடைந்துவிடும். அதனால் சாவி தயாரிக்கும்போதே இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா என்று சோதித்துவிடுகிறார்கள்.