கவர் என்றால் எந்தக் கவர்?

தேர்வு நேரம். ஏ4 தாள் வேண்டும் என்று ஆள் வந்து நிற்கிறார். கணினியில் 52 ரீம் (ஒரு ரீம் என்றால் 500 தாள் கட்டு) இருப்பு. அலமாரியில் எண்ணினால் 20 தான்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரு பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நான் செய்து கொடுத்த இருப்புக் கணக்கு மென்பொருள் அது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சேச்சியை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அதுதான் எனக்கு வலித்தது.

சீட்டுகளை விரித்துப் பார்த்தோம். வந்தது 12 பெட்டி, பெட்டிக்கு 5 ரீம். வரவில் 60 ரீம் என்று சரியாகவே ஏறியிருந்தது. ஆனால் பொருள் கேட்டு எழுதும் இண்டெண்ட் சீட்டில் வெறும் "2" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது 2 பெட்டி. அப்படி நான்கு சீட்டு. போனது 40 ரீம், கணினி கழித்தது 8. பெட்டியா ரீமா என்று கேட்கும் கட்டத்தை வைக்காமல் விட்டது நான்.

அடுத்தது பெயர். எங்கள் பக்கம் 'கவர்' என்றால் தபால் உறையும்தான், பிளாஸ்டிக் பையும்தான். ஒருவர் தாள் என்பார், இன்னொருவர் அதையே மலையாளத்தில் கடலாஸ் என்பார். அதனால் ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு கொடுத்து, தமிழ், மலையாளம் எதில் தேடினாலும் அங்கேயே போய் நிற்கும்படி செய்தேன். மென்பொருள் வாங்கும் முன்பே இந்தப் பட்டியலை உட்கார்ந்து எழுதிவிடுங்கள். பழைய ரிஜிஸ்டரில் இருக்கும் எண்ணை அப்படியே தொடக்க இருப்பாக ஏற்றாதீர்கள், கையால் எண்ணுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 213-ஆம் விதி ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கிறது. தாள், டோனர் மாதிரி வேகமாகக் கரைவதை மாதாமாதம் எண்ணுவது நல்லது.

எப்போது வாங்குவது? நாளுக்கு 1 ரீம் செலவாகி, சரக்கு வந்து சேர 20 நாள் ஆகும் என்றால், கைக்காவலாக 10 சேர்த்து, இருப்பு 30-ஐத் தொடும்போதே கணினி சொல்ல வேண்டும். தவறான பதிவை அழிக்கவும் விடக்கூடாது, அதே அளவை மறுபக்கம் எழுதும் எதிர்ப்பதிவு போட்டுத்தான் திருத்த வேண்டும். அப்புறம், வந்த தேதியும் முக்கியம். எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் ஈரம் குடித்த பழைய கட்டு பிரிண்டரில் சிக்கும், அதனால் முதலில் வந்தது முதலில் போகட்டும்.

இப்போது சீட்டில் "2 பெட்டி = 10 ரீம்" என்று அச்சாகிறது. சேச்சி அதை வாய்விட்டுப் படித்து, வாங்குபவர் தலையாட்டிய பிறகுதான் கட்டை எடுத்துக் கொடுக்கிறார்.