பெண் என்றால் விட்டுவிடுவார்கள் என்று யார் சொன்னது?

மறுபடியும் ஒரு கஞ்சா வழக்கு, மறுபடியும் முதல் எதிரி, அதாவது முதலில் குற்றம் சாட்டப்பட்டவர், ஒரு பெண். குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வியும் மாறவில்லை: “பொம்பளைதானே சார், ரெண்டு வாரத்துல ஜாமீன் கிடைச்சிரும்ல?”

கிடைக்காது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் விவரமாகச் சொல்கிறேன். சாதாரண வழக்கில் பெண், நோயாளி என்றால் ஜாமீனில் சலுகை காட்ட இடமுண்டு. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு குறுக்கே வந்துவிடும். இவர் குற்றம் செய்யவில்லை, வெளியே போனாலும் செய்யமாட்டார் என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவுகோல் ஒன்றே. சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டத்தில்கூடப் பெண்களுக்கு விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், இதில் இல்லை. குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் அவகாசம். தண்டனை 10 முதல் 20 ஆண்டு, அபராதம் குறைந்தது 1 லட்சம். பிள்ளைகள் சின்னது என்று அழுதாலும் பத்துக்குக் கீழே இறங்காது.

“பையில என்ன இருந்துச்சுன்னே தெரியாது” என்பார்கள். கையில் இருந்தால் தெரிந்தே வைத்திருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. “லேடி போலீஸ் இல்லாம சோதனை போட்டாங்க” என்பது இன்னொன்று. உடலைச் சோதிக்கத்தான் பெண் வேண்டும். உடல் சோதனை பற்றிய 50-ஆவது பிரிவு கைப்பைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது.

வார வட்டிக்காரன் வாசலில் நிற்கும் வீடாகப் பார்த்துத்தான் கஞ்சாக் கடத்தல்காரர்கள் வருவார்கள். முதலில் ஒரு பையைக் கைமாற்றச் சொல்வார்கள். அடுத்து பொட்டலம் போடுவது, பிறகு வசூல். கொஞ்ச நாளில் நாலு பையன்கள் ‘அக்கா’ என்று பின்னால் நிற்பார்கள். சிம், வங்கிக் கணக்கு, ஸ்கூட்டி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அக்கா பெயரில். மேலே இருப்பவன் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது. வளர்ச்சி என்று அவர் நினைத்தது முழுக்க அவருக்கு எதிரான சாட்சியம். பையன் தேவகோட்டையில் பிடிபட்டாலும் 29-ஆவது பிரிவில் சதிக்கு அதே தண்டனை. நகை, வீட்டுமனை முடக்கப்படும்; உறவினர் பெயரில் இருந்தாலும் தப்பாது.

ரீல்ஸில் கொண்டாடப்படும் கொலம்பியாவின் போதைக் கடத்தல்காரி கிரிசெல்டா பிளாங்கோ 1985-ல் கைதாகி 2004 வரை அமெரிக்கச் சிறையில் கிடந்தார். 2012-ல் மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன்களில் மூவர் அதற்கு முன்பே கொலையாகியிருந்தார்கள். ரீல்ஸில் இதைப் போடமாட்டார்கள்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூரில் பூட்டிய வீடுகளின் சாவியை வைத்திருக்கும் அம்மாமார்களே, தயவுசெய்து கேளுங்கள். “பின்கட்டுல ரெண்டு நாளைக்கு ஒரு மூட்டை இருக்கட்டும்” என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். பழுப்பு டேப் சுற்றிய 2 கிலோ பண்டல் பதினொன்று ஒரே சாக்கில் அடங்கும்; 20 கிலோ தாண்டியாச்சு. தெரிந்து இடம் கொடுத்தால் உங்களுக்கும் அதே தண்டனை. வீட்டின் சொந்தக்காரருக்கு அன்றே போன் போடுங்கள். போதைப்பொருள் புகார் எண் 1933-க்குத் தகவல் சொல்லுங்கள்.

ஆதார் நகலை, ஏடிஎம் கார்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். கைதானால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு, எண் 15100. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே வாய் திறந்து கேளுங்கள்.